வகிடு அகன்றுகொண்டே போகிறது: மெல்லிய முடி உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

வேளிமலைநிழல்

குமாரகோவிலிலிருந்து எழுதுகிறேன். வயது 36. பிறவியிலேயே எனக்கு மெல்லிய முடி. பள்ளி நாட்களில் இரட்டைப் பின்னல் போட்டால் இரண்டும் எலிவால்போல இருக்கின்றன என்று வகுப்பில் கேலி செய்வார்கள். அதைப் பற்றி இனிப் புதிதாக வருந்த எதுவும் இல்லை. ஆனால் கடந்த நான்கைந்து மாதங்களாக நடப்பது வேறு. முடியைக் கட்டும் வளையத்தை முன்பு மூன்று சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும். இப்போது ஐந்து சுற்று வேண்டியிருக்கிறது. போன மாதம் தக்கலையில் உறவினர் வீட்டுத் திருமணத்தில் எடுத்த படத்தில், மேலிருந்து விழுந்த விளக்கொளியில் என் வகிடு விரலகல வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் கண்ணாடி முன் நிற்கவே மனம் வரவில்லை.

நாள்தோறும் இருசக்கர வண்டியில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் காயும் முன்பே முடியைக் கட்டி, அதன்மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். மாமியார் காய்ச்சிக் கொடுக்கும் எண்ணெயைத் தேய்க்கிறேன். விளம்பரம் பார்த்து வாங்கிய வெங்காய எண்ணெய் ஒரு குப்பியும் ஆமணக்கெண்ணெய் ஒரு குப்பியும் தீர்ந்துவிட்டன. பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை இரண்டு மாதமாக விழுங்குகிறேன். எதனாலும் பயன் தெரியவில்லை. மெல்லிய முடியோடு காலம் தள்ளிய பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். விளம்பர இணைப்புகள் வேண்டாம்.

தாளிக்கிண்ணம்

மக்களே, எண்ணெயைக் காய்ச்சத் தெரியாமல் காய்ச்சினால் எப்படிப் பயன் கிடைக்கும்? எங்கள் வீட்டில் கையாந்தகரைச் (கரிசலாங்கண்ணி) சாறு, கறிவேப்பிலை, நான்கைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு தேக்கரண்டி சீரகம், பத்து நல்லமிளகு ஆகியவற்றை அரைத்துத் தேங்காயெண்ணெயில் கலக்கி, உருளியில் சிறு தீயில் வைப்போம். முதலில் சடசடவென்று பொரியும். தண்ணீர் வற்ற வற்ற அந்த ஒலி அடங்கும். அப்போது அடியில் கிடக்கும் கல்கத்தை, அதாவது அரைத்த விழுதை, எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். சேறாக ஒட்டினால் பாகம் வரவில்லை, மெழுகுத் திரிபோல உருண்டால் வந்துவிட்டது, மணலாக உதிர்ந்தால் கடந்துவிட்டது என்று பொருள். ஐயம் இருந்தால் ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் எரிந்தால் நீர் இல்லை. படபடவென்று வெடித்தால் நீர் நிற்கிறது, அந்த எண்ணெய் ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். எனக்கு 63 வயதாகிறது. நான் கடையில் தலைக்கு எண்ணெய் வாங்கியதே இல்லை.

மருந்துப்பெட்டி

வேளிமலைநிழல் அக்கா, மருந்தாளுநராக இருபது ஆண்டு வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். உங்கள் பதிவில் இரண்டு வேறு வேறு செய்திகள் கலந்திருக்கின்றன. பிறவியிலேயே முடியின் இழை மெல்லியதாக இருப்பது ஒன்று. ஒரு முடியின் பருமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை ஆளுக்கு ஆள் மாறும். அது பெற்றோர் வழி வருவது, எந்த எண்ணெயும் அதை மாற்றாது. தலையில் உள்ள முடிகளின் எண்ணிக்கை குறைவது மற்றொன்று. அதற்குக் காரணம் இருக்கும், பல நேரங்களில் அதைச் சரிசெய்யவும் முடியும். உங்களுக்கு இப்போது நடப்பது இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது.

சில கேள்விகள். கொட்டத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, கடுமையான உணவுக் கட்டுப்பாடு ஏதேனும் இருந்ததா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, இரத்தப்போக்கு மிகுதியா? முகத்தில் புதிதாக ரோமம் வளர்கிறதா? உங்கள் அம்மாவுக்கோ அவருடைய சகோதரிகளுக்கோ நடு வகிட்டில் முடி குறைவா?

இன்னொன்றும் செய்து பாருங்கள். தலைவாரும்போது விழும் முடிகளைச் சேர்த்து ஒரு கறுப்புத் துணியில் பரப்புங்கள். அடியிலிருந்து முழுதாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கும். இடையில் அறுந்த முடியில் அது இராது. முதல் வகைக்கு உடலுக்குள் காரணம் தேட வேண்டும், இரண்டாவதற்கு நாம் முடியைக் கையாளும் முறையில் தேட வேண்டும்.

பழையாற்றங்கரை

என் மகளுக்கு 11 வயது, அவளுக்கும் மெல்லிய முடிதான். ஒருமுறை மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

மருந்துப்பெட்டி

இல்லை ஐயா. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே வெட்டுவதை அது அறியாது. மழித்த பிறகு முளைக்கும் முடியின் நுனி கூராக இல்லாமல் மட்டமாக இருப்பதால் தடவும்போது தடித்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். நேர்த்திக்கடன் என்றால் அது வேறு. அடர்த்திக்காக அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் அழ வைக்க வேண்டாம்.

வேளிமலைநிழல்

கறுப்புத் துணியில் பரப்பிப் பார்த்தேன். மாமியாரும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்துவிட்டார். இரண்டு நாள் சேர்த்தவை மொத்தம் 214 முடிகள். அவற்றில் குமிழ் உள்ளவை 150-க்கு மேல், மற்றவை குட்டை குட்டையாக அறுந்தவை. குமிழை இதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. அதைக் கண்டதும் வேரே போய்விட்டது, இனி அந்த இடத்தில் முளைக்காது என்று மாமியார் கலங்கிவிட்டார்.

ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்பு எனக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். அதையும் முடியையும் நான் சேர்த்து நினைத்துப் பார்க்கவே இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, ஆனால் முதல் மூன்று நாள் போக்கு மிகுதி. முகத்தில் ரோமம் இல்லை. அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு வகிடு சற்று அகன்றது.

மருந்துப்பெட்டி

முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்: அந்தக் குமிழ் வேர் அன்று. முடியின் அடிமுனை அது. முடியை வளர்க்கும் பை தோலுக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து மறுபடி முளைக்கும்.

முடி ஓயாமல் வளர்வதில்லை. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்ந்து, பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்து கிடந்து, அதன்பின் உதிர்கிறது. நலமாக இருக்கும் ஒருவரின் தலையில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளரும் நிலையிலும் மற்றவை ஓய்விலும் இருக்கும். ஒரு லட்சம் முடியில் நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு என்பது இந்தக் கணக்கில் வருவதுதான். டெங்கு போன்ற கடும் காய்ச்சல் உடலைப் பிடித்து உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலையே நாம் மறந்துவிட்ட பிறகு, எல்லாம் சேர்ந்து கொட்டும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த வாரத்தில் மாற்றிய சோப்பையோ தண்ணீரையோ குற்றம் சொல்லி அலைவது எங்கள் கடையில் நான் நாள்தோறும் பார்க்கும் காட்சி.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். ஆனால் உங்களிடம் வேறு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒன்று, மிகுதியான போக்கு. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் சேமிப்பில் இருக்கும் இரும்பு வற்றியிருக்கலாம். அதை ஃபெரிட்டின் அளவுதான் காட்டும். ஆகவே முழு இரத்தக் கணக்கு, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று, அம்மாவழி வரும் வகிட்டு அகற்சி. நெற்றி விளிம்பு அப்படியே இருக்க நடுவில் மட்டும் முடி மெலிந்துகொண்டே போவது அதன் அடையாளம். காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வு, மறைந்திருந்த அதை வெளிக்காட்டிவிடுவதும் உண்டு. இதைத் தோல் மருத்துவர் உருப்பெருக்கியால் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் புறநோயாளியாகக் காட்டலாம்.

பயோட்டினைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சாப்பிடுபவர்களுக்கு அதில் குறைபாடு வருவது அரிது. அதைவிட முக்கியம், மிகுந்த அளவில் அதை விழுங்குபவர்களுக்குத் தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகள் தவறான எண்ணைக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, அதைச் சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடலோரத்தாள்

அடியிலிருந்து முழுதாக விழுபவற்றைப் பற்றி எழுதிவிட்டீர்கள். அறுந்து விழும் மற்றொரு பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணமும் மிகுதி. ஷாம்பு நுரைக்காது, குளித்த பிறகு முடி தேங்காய் நார்போல நிற்கும், சீப்பு பாதியில் சிக்கும். தடித்த முடியுள்ள என் தங்கை அதே தண்ணீரில் குளித்துவிட்டு எதுவும் நடக்காதவள்போலத் திரிகிறாள். மெல்லிய இழைதான் முதலில் அறுகிறது.

இந்தத் தண்ணீர் வேரைப் பாழாக்கி முடியைக் கொட்ட வைக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். ஆனால் துணியில் பரப்பிப் பார்த்தால் என்னிடம் விழுபவை பெரும்பாலும் குமிழ் இல்லாத துண்டுகள். உப்புப் படிந்து சொரசொரத்த முடி ஒன்றோடொன்று உராய்ந்து அறுகிறது. நான் செய்யும் மாற்று மிகவும் எளியது. தலையைக் கிணற்று நீரில் அலசி முடித்த பிறகு, குழாயில் வரும் குடிநீரில் ஒரு குடம் எடுத்துவைத்து அதைக் கடைசியாக ஊற்றிக்கொள்கிறேன். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் ஓட்டுச் சரிவிலிருந்து விழும் நீரை, முதல் மழையை விட்டுவிட்டு, தொட்டியில் பிடித்துத் தலைக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். மழை நீரில் ஒரு வாரம் குளித்துப் பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

பிச்சிமொட்டு

நான் மணப்பெண் அலங்காரம் செய்பவள். தோவாளையில் விடியற்காலையில் பூ எடுத்துக்கொண்டு நேராகத் திருமண வீட்டுக்குப் போவேன். மெல்லிய முடியுள்ள பெண்கள்தான் சவுரி வைத்துப் பெரிய பின்னல் கேட்பார்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் சவுரியின் எடையும், அதன்மேல் ஏற்றும் நான்கைந்து முழம் பூவின் எடையும், கொண்டை ஊசிகளும் சேர்ந்து நெற்றியோர முடிகளை ஒரு நாள் முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு நாளைக்கு அது தாங்கும். அன்றாடம் இறுக்கிப் பின்னுவதும், உச்சியில் குதிரைவால் கட்டுவதும், ஒரே இடத்தில் பூவைத் தொங்கவிடுவதும் பல ஆண்டு தொடர்ந்தால் காதோரமும் நெற்றியோரமும் முடி பின்வாங்கும். நெடுநாள் விட்டால் அந்த இடத்தில் திரும்பவும் முளைக்காது. பூ வைப்பதை விடச் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் இந்த ஊரில் யார் கேட்பார்கள்? ஒரு சாண் பிச்சிப்பூவைப் பின்னலின் முடிச்சில் ஊசியால் பிடிக்கவைத்தால் போதும். வகிட்டையும் வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டேன். மருந்தைப் பூசிச் சூட்டுக் கருவியால் இழுக்கும்போது எழுந்த புகையில் கண் எரிந்து, தொண்டை கமறியது; அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அத்தகைய சில கலவைகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் மாதம் முடி காதளவில் கொத்தாக அறுந்து வந்தது. தடித்த முடி ஒருவேளை தாங்கியிருக்கும், என்னுடையது தாங்கவில்லை. இன்று என்னிடம் வரும் மெல்லிய முடிக்காரர்களுக்கு நான் சொல்லும் ஒரே அலங்காரம், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே நுனியை ஒரே மட்டமாக வெட்டிக்கொள்வது. இடுப்பு வரை நீண்டு நுனியில் நான்கு இழையாகத் தொங்குவதைவிட, பாதி நீளத்தில் அடர்த்தியாகத் தெரியும். மாமியார்களின் கோபத்துக்கு நான் பொறுப்பல்லள்.

தாளிக்கிண்ணம்

எல்லாம் படித்தேன். வேளிமலைநிழல் மக்களே, நீங்கள் மருத்துவரைப் பாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்க்கு ஒன்றும் இல்லை என்று இந்த உரையாடல் போகிறது. அதை ஏற்க எனக்கு மனமில்லை. என் அம்மை, அவருடைய அம்மை என்று திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே எண்ணெயும், செம்பருத்தி இலையைப் பிசைந்தெடுக்கும் தாளியும்தான். எல்லோருக்கும் முட்டி வரை முடி.

மருந்துப்பெட்டி

அம்மா, எண்ணெய்க்கு ஒன்றும் இல்லை என்று நான் எழுதவில்லை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது; அதை எண்ணெய் வளர்க்காது, ஆனால் காக்கும். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வந்த ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் ஊடுருவுகிறது. தண்ணீரை உறிஞ்சி முடி உப்புவதும் வற்றிச் சுருங்குவதும் அதனால் குறைகிறது. ஆகவே உங்கள் பாட்டி செய்தது சரியான செயல்தான். முட்டி வரை வளர்ந்ததற்கு அவர்களுடைய பிறவிக் கூறு ஒரு காரணம், இழுத்து அலசாத எண்ணெயும் தாளியும் அதை அறுபடாமல் காத்தது மற்றொரு காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

மெல்லிய முடிக்காரர்களுக்கு அளவில்தான் சிக்கல். கை நிறைய எண்ணெய் ஊற்றினால் இழைகள் ஒட்டிக்கொண்டு மண்டைத்தோல் இன்னும் வெளியே தெரியும். அதைப் போக்க இரண்டு முறை ஷாம்பு போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் அறுபடுவதுதான் மிகுதி. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டி, அதுவும் நடுவிலிருந்து நுனி வரை, போதும். பொடுகு இருந்தால் மண்டைத்தோலில் எண்ணெயைத் தேக்கி வைக்கக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்றே வாழ்கிறது. அப்படி இருப்பவர்கள் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து உள்ள ஷாம்புவைப் பற்றிக் கேட்டறியலாம்.

வெங்காயச் சாற்றுக்குக் கிடைக்கும் புகழுக்கும் மூலம் ஒன்று உண்டு. 2002-இல் ஒரு சிறிய ஆய்வில் அதைப் பூசியவர்களுக்கு முடி முளைத்தது. ஆனால் அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு, அதாவது காசளவில் திட்டுத் திட்டாக உதிரும் நோய். அதை வைத்துக்கொண்டு எல்லா உதிர்வுக்கும் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் மிகவும் பிசுக்கானது. அதனால் முடி முழுவதும் பந்தாகச் சிக்கி, கத்தரிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போன நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

தாளிக்கிண்ணம்

ஒரு தேக்கரண்டி என்பது எனக்குப் புதிது. நான் ஒரு கரண்டி ஊற்றுவேன். சரி, தாளிக்காவது குறை சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பத்துப் பதினைந்து செம்பருத்தி இலையைக் கழுவி, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிறிது தண்ணீரில் கையாலேயே பிசைந்தால் முட்டை வெள்ளைக்கருபோல வழுவழுவென்று வரும். மெல்லிய முடிக்காரர்கள் அதை அப்படியே தலையில் அப்பக் கூடாது. பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். இல்லையென்றால் இலைத்துணுக்குகள் முடியில் சிக்கிக்கொள்ளும். அதைச் சீப்பால் வாரி எடுப்பதற்குள் பாதி முடி கையோடு வந்துவிடும். என் இளைய மகளுக்கு அப்படி நேர்ந்திருக்கிறது.

கடலோரத்தாள்

வடிகட்டும் செய்தி எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நன்றி அம்மா. உப்பு நீரிலும் தாளி வழுக்குகிறது, ஷாம்புதான் நுரைப்பதில்லை.

இரட்டைமழை

எனக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தலையணை முழுவதும் முடி. பால் கொடுப்பதால்தான் கொட்டுகிறது, பாலை நிறுத்து என்று ஒருவர், குழந்தை சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று இன்னொருவர். யாரை நம்புவது?

மருந்துப்பெட்டி

குழந்தை சிரிப்பதும் முடி கொட்டுவதும் ஏறத்தாழ ஒரே மாதத்தில் நிகழ்வதால் வந்த சொல் அது. காலக்கணக்கு சரி, காரணம் வேறு. கருவுற்றிருக்கும்போது ஹார்மோன்களின் துணையால் உதிராமல் தங்கியிருந்த முடிகள், பேறுக்குப் பின் இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் சேர்ந்து உதிர்கின்றன. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் பெரும்பாலோருக்குப் பழைய நிலை திரும்பிவிடும். பாலை நிறுத்த வேண்டாம். பேறுகாலத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள்.

இரட்டைமழை

விட்டுவிட்டேன். மலம் கறுத்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்தினேன்.

மருந்துப்பெட்டி

அந்த மாத்திரைக்கு அப்படித்தான் கறுக்கும், அச்சம் வேண்டாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் சொல்லி மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலோரத்தாள்

உணவைப் பற்றி யாரும் எழுதவில்லை. முடி புரதத்தால் ஆனது. நம் ஊரில் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கை அவித்துத் தின்றால் வயிறு நிறைந்துவிடும், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. நூறு கிராமில் புரதம் ஒன்றரை கிராம் தேறினால் பெரிது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு ஏறத்தாழ 46 கிராம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்) 2020-இல் தந்த அளவு. கிழங்கோடு சாளைக் குழம்பு சேர்ந்தால்தான் அது உணவு. கிழங்கை முழுக்கத் தின்றுவிட்டு மீனை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் என் காலத்தில்தான் நின்றது. மீன் உண்ணாதவர்களுக்குப் பயறு, கடலை, முட்டை, தயிர் இருக்கின்றன. சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்காதீர்கள், இரும்பு உடலில் சேராமல் போய்விடும்.

வேளிமலைநிழல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9. தைராய்டு சரியாக இருக்கிறது. தோல் மருத்துவர் வகிட்டை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குப் பின் வந்த உதிர்வும் இரும்புக் குறைவும்தான் முதன்மை என்றும், அம்மாவழிக் கூறு தொடக்க நிலையில் இருக்கலாம் என்றும் சொன்னார். இப்போதைக்கு இரும்புச்சத்து மாத்திரை. போக்கு மிகுதிக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் கழித்தும் வகிடு அகன்றால் மினாக்ஸிடில் பற்றிப் பேசலாம் என்றார். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இதற்கிடையில் நானாகச் செய்தவை: முன்னிரவில் தலைக்குக் குளித்து, முழுவதும் காயவிட்டு, காலையில் தளர்வாகப் பின்னிக்கொண்டு, உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டி அதன்மேல் தலைக்கவசம் அணிகிறேன். ஈர முடியைத் துவர்த்தால் (துண்டால்) படபடவென்று அடித்து உலர்த்தும் பழக்கத்தை விட்டுவிட்டேன். நனைந்த முடி இழுத்தால் நீளும், பிறகு அறும் என்பதை ஒரு முடியை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அகன்ற பல்லுள்ள மரச்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறேன்.

மருந்துப்பெட்டி

மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது; அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடலெல்லாம் ரோமம் வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குப் பூசும் மருந்தாக மாற்றினார்கள். பெண்களுக்கு 2 விழுக்காட்டுக் கரைசலை நாளுக்கு இருமுறையோ, 5 விழுக்காட்டு நுரையை ஒருமுறையோ எழுதுவது வழக்கம். தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு கூடும். ஓய்வில் இருந்த முடியைத் தள்ளிக்கொண்டு புதியது வருவதால் அப்படி. அங்கேதான் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பயன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்த முடி சில மாதத்தில் போய்விடும், ஆகவே தொடங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும். கருவுற்றிருப்பவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடாது. இரட்டைமழை, நீங்கள் இதைக் கவனியுங்கள். நெற்றியில் வழிந்தால் அங்கும் ரோமம் வளரும். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். இந்த மருந்து பூனைக்கு நஞ்சு, மருந்து ஒட்டிய தலையணையை அது நக்கினால்கூட ஆபத்து.

வேளிமலைநிழல்

பூனை இரண்டு இருக்கின்றன. நல்ல வேளை சொன்னீர்கள்.

பிச்சிமொட்டு

மினாக்ஸிடில் போட்டுக்கொண்டு வரும் மணப்பெண்கள் அதை என்னிடம் மறைப்பார்கள். சொன்னால் அந்த இடத்தில் ஊசியையும் பசையையும் தவிர்த்து வேறு முறையில் வைப்பேன். மறைப்பதால் அவர்களுக்குத்தான் எரிச்சல்.

வேளிமலைநிழல்

ஐந்து மாதம் ஆகிவிட்டது. இந்த உரையாடல் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உதிர்வு இரண்டாம் மாதமே குறையத் தொடங்கிவிட்டது. வளையம் இன்னும் ஐந்து சுற்றுத்தான்; பின்னலின் பருமன் சிறிதும் கூடவில்லை. ஆனால் வகிட்டின் இருபுறமும் நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்தில் புதிய முடிகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. எண்ணெய் தொட்டுப் படிய வைத்தாலும் தலைக்கவசத்தைக் கழற்றியதும் சிலிர்த்துக்கொள்கின்றன. முடி அறுந்து நிற்கிறது என்று மாமியார் வருந்தினார்; ஒன்றைச் சாய்த்து நுனி கூராக இருப்பதைக் காட்டினேன், அறுந்ததென்றால் மட்டமாக இருக்கும் அல்லவா? ஹீமோகுளோபின் 12.3 ஆகியிருக்கிறது. நுனியை மூன்று அங்குலம் வெட்டிக்கொண்டேன். இழை மெல்லியதாகத்தான் இருக்கிறது, அது அப்படியே இருக்கும். மாத்திரையை இனி நிறுத்திவிடலாமா?

மருந்துப்பெட்டி

நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்புவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். அதன்பின் ஃபெரிட்டினை மறுபடி பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்வார். போக்கு மிகுதிக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தீர்களா? அதைப் பற்றி எதுவும் எழுதவில்லையே.

வேளிமலைநிழல்

இன்னும் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமைக்கு முன்பதிவு செய்துவிட்டேன்.